கரும்பு வெட்டியவர் இல்லாத தபால்தலை

(திருப்பூர் நெருப்பெரிச்சலில் ஒரு ஞாயிறு மாலை வாசகர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1988 செப்டம்பர் 1-ஆம் தேதி மொரீஷியஸ் நாட்டு அஞ்சல் துறை நான்கு தபால்தலைகளை வெளியிட்டது. மொரீஷியஸ் கமர்ஷியல் பேங்க் தொடங்கி 150 ஆண்டு நிறைந்ததற்கான நினைவுத் தலைகள் அவை. ஒன்றில் 1897-ஆம் ஆண்டின் வங்கிக் கட்டடம். இன்னொன்றில் 1988-இன் புதிய கட்டடம். மூன்றாவதில் வங்கியின் சின்னம். நான்காவது 25 ரூபாய்த் தலை, நான்கிலும் விலை கூடியது. அதில் 1838-இல் அந்த வங்கி அச்சடித்த 15 டாலர் நோட்டு.

கட்டடம், கட்டடம், சின்னம், பணம். இன்றைக்கு நான் பேசப் போவதெல்லாம் இந்த நான்கு படங்களைப் பற்றியும், அவற்றில் இல்லாதவர்களைப் பற்றியும்தான்.

"பக்கத்தில் கொழும்பு இருக்க, அவ்வளவு தூரம் போவானேன்?" என்று கூட்டத்துக்கு அழைத்த நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஸ்டேட் வங்கி தன் கொழும்புக் கிளைக்கு 1864-ஐத் தொடக்க ஆண்டாகக் கொள்கிறது. அன்று அதன் பெயர் மெட்ராஸ் வங்கி. வெள்ளைக்கார வங்கிகளிடம் கடன் வாங்கி, உள்ளூர் வியாபாரிகளுக்கு மறுகடன் கொடுத்து, கொழும்புச் செட்டியார் தெருவையே நடத்திக்கொண்டிருந்தவர்கள் நம் நகரத்தார். 1925-இல் சில கடைகள் நொடித்ததும் வங்கிகள் கையை இறுக்கின. அதன் பின்விளைவாக 1934-இல் சோராப்ஜி போச்கான்வாலா தலைமையில் ஒரு விசாரணைக் குழு அமைந்தது. 1939 ஆகஸ்டில் இலங்கை வங்கி பிறந்தது. இதுவே தனியாக ஒரு மாலைக்குப் போதுமான கதை. ஆனால் நெருப்பெரிச்சலில் நின்று பேசும்போது எனக்கு மொரீஷியஸ்தான் நெருக்கமாகப் படுகிறது. காரணம், அதுவும் ஒரு காலத்தில் பின்னலாடைத் தீவு. அந்த இடத்துக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அந்த 15 டாலர் நோட்டு.

இந்துமாக்கடலில், மடகாஸ்கருக்குக் கிழக்கே உள்ள ஒரு பிரிட்டிஷ் தீவில் டாலர் எப்படி வந்தது? அன்று கடல் வியாபாரம் முழுக்க ஸ்பானிய வெள்ளிக் காசில்தான் நடந்தது. தீவை 1810-இல் பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்தார்கள். 1825-இல் மொரீஷியஸ் சர்க்கரைக்கும் மேற்கிந்தியச் சர்க்கரைக்கும் லண்டனில் ஒரே சுங்கம் என்று ஆனது. அவ்வளவுதான், காடு மேடெல்லாம் கரும்பு. கரும்புக்கு முதலில் தேவைப்படுவது மண் இல்லை, ரொக்கம். நட்ட நாளிலிருந்து வெட்டும் நாள் வரை கூலி கொடுக்க வேண்டும், மாட்டுக்குத் தீனி, ஆலைக்கு இயந்திரம். சர்க்கரை கப்பலேறி, லண்டனில் விற்று, பணம் திரும்ப இன்னும் பல மாதம். இடைப்பட்ட காலத்தை யார் தாங்குவது? எல்.சி. வந்த பிறகும் நூல் வாங்கப் பணமில்லாமல் பேக்கிங் கிரெடிட்டுக்கு பேங்க் வாசலில் நிற்கிற நம்மூர் எக்ஸ்போர்ட்டருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பயிருக்கு முன்கடன் கொடுக்க ஆள் தேவைப்பட்டது. 1832-இல் ஒரு வங்கி வந்தது. அது சிலர் கைக்குள் இருக்கிறது என்ற மனக்குறையில் ஜேம்ஸ் பிளைத் என்ற வணிகரை முன்னிறுத்தி மற்றவர்கள் தொடங்கியதுதான் 1838-இன் கமர்ஷியல் பேங்க். அரியணை ஏறி ஓராண்டே ஆன விக்டோரியா அரசி சாசனம் கொடுத்தார்.

1838 என்ற ஆண்டைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மொரீஷியஸில் அடிமைமுறை 1835 பிப்ரவரியில் சட்டப்படி ஒழிந்தது. ஒழிந்ததற்கு நஷ்டஈடு கொடுத்தார்கள். யாருக்கு? அடிமைகளுக்கு அல்ல, அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு. ஏறத்தாழ 66,000 பேருக்கு விலை வைத்து 21 லட்சம் பவுனுக்கு மேல் பிரிட்டிஷ் அரசு முதலாளிகளுக்குக் கொடுத்தது. அந்தப் பணம் தீவுக்குள் இறங்கிச் சுழன்ற வருடங்களில்தான் புது வங்கி கதவைத் திறந்தது. விடுதலையாகிறவர்கள் தோட்டத்தில் நிற்க மாட்டார்கள் என்று முதலாளிகளுக்குத் தெரியும், யார் நிற்பார்கள்? ஆகவே 1834 நவம்பரிலேயே 'அட்லஸ்' என்ற கப்பலில் கல்கத்தாவிலிருந்து 36 பேர் ஒப்பந்தக் கூலிகளாகப் போய் இறங்கிவிட்டார்கள். அதன்பின் கல்கத்தா, சென்னை, பம்பாய்த் துறைமுகங்களிலிருந்து அடுத்த எண்பது, தொண்ணூறு ஆண்டுகளில் போனவர்கள் ஏறத்தாழ நாலரை லட்சம். கணிசமானவர்கள் சென்னை மாகாணத்தார், நம்மவர்கள். இடையில் கொடுமைகள் வெளியே தெரிந்து கூலி ஏற்றுமதிக்கு இந்திய அரசு தடை போட்டது. 1842-இல் தடை நீங்கியது. வங்கியின் முதல் மூன்று, நான்கு ஆண்டுகள் இந்தத் தடைக்காலத்தில்தான் ஓடின. தோட்டக்காரர்கள் கூலிக்காக லண்டனில் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். கடன் கொடுத்தவனுக்கும் அதே கவலை இருந்திருக்கத்தானே வேண்டும்? கரும்பை வெட்ட ஆளில்லாவிட்டால் அடமானப் பத்திரம் வெறும் காகிதம்.

ஆணுக்கு மாதம் ஐந்து ரூபாய் கூலி. ஒரு நாள் வரவில்லையென்றால் இரண்டு நாள் கூலி பிடிப்பார்கள், அதற்கு 'டபுள் கட்' என்றே பெயர். காய்ச்சலில் ஒரு வாரம் படுத்தவன் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நம்மூர் பீஸ் ரேட்டில் வேலை பார்க்கிற டெய்லர் ஒருநாள் லீவு போட்டால் அந்த ஒருநாள்தான் போகும், சனிக்கிழமை கணக்கில் மீதி வந்துவிடும். அங்கே லீவும் கடனாக ஏறியது.

ஆக, 25 ரூபாய்த் தலையில் இருக்கிற அந்த அழகான நோட்டுக்கு ஈடாக நின்றது தங்கம் மட்டுமல்ல. வெட்டப் போகிற கரும்பும், அதை வெட்டப் போகிற கைகளும் அதற்கு ஈடு. தலையை வரைந்த ஓவியரை நான் குறை சொல்லவில்லை. நோட்டைக் காட்டினால் நோட்டுத்தான் தெரியும். ஆனால் நான்கு தலை போடுகிறபோது ஒன்றிலாவது ஒரு கரும்புத் தோகை வந்திருக்கலாம் என்று நினைக்கிறேன்.

இனி தபால்தலைப் பிரியர்கள் காத்திருக்கிற இடத்துக்கு வருகிறேன். மொரீஷியஸ் என்றதும் அவர்கள் காதில் விழுவது வங்கியல்ல, 1847.

1847 செப்டம்பர் 21-இல் அந்தத் தீவு தன் முதல் தபால்தலைகளை வெளியிட்டது. இரண்டு வகை. ஒரு பென்னி, ஆரஞ்சுச் சிவப்பு. இரண்டு பென்னி, அடர் நீலம். ஜோசப் ஆஸ்மண்ட் பர்னார்ட் என்ற செதுக்குக் கலைஞர் ஒரே செப்புத் தகட்டில் இரண்டையும் செதுக்கினார். வகைக்கு 500 வீதம் ஆயிரம் தலை அச்சானது. கவர்னர் வில்லியம் கோமின் மனைவி மாளிகையில் ஒரு நடன விருந்து வைத்திருந்தார். அழைப்பிதழ் உறைகளில் ஒட்டப் பல போய்விட்டன. இன்று உலகம் முழுக்க மிஞ்சியிருப்பவை 27 என்று கணக்கு. பர்னார்ட் எழுத்தை மாற்றிச் செதுக்கிவிட்டார், அதனால்தான் இவ்வளவு விலை என்று ஒரு கதை நூறாண்டாக ஓடுகிறது. ஆராய்ந்தவர்கள் அது வெறும் கதை என்று எப்போதோ முடித்துவிட்டார்கள், கதைதான் முடிய மறுக்கிறது. இரண்டு ஒரு பென்னித் தலைகளோடு 1850-இல் பம்பாய்க்குப் போன கடிதம் ஒன்று 1897-இல் இந்தியக் கடைத்தெரு ஒன்றில் கிடைத்தது. அது 1968-இல் 3,80,000 டாலருக்கு ஏலம் போனது. பழைய பேப்பர் கடைக்குப் போகிற மூட்டையை ஒரு தடவை புரட்டிப் பாருங்கள் என்பதற்கு மேல் எனக்கு அறிவுரை இல்லை.

நான் சொல்ல வந்தது விருந்தை அல்ல, அந்த விருந்து நடந்த மாதத்தை. அழைப்பிதழ்களில் தலை ஒட்டிக்கொண்டிருந்த அதே செப்டம்பரில் லண்டனில் ரீட், இர்விங் அண்டு கம்பெனி திவாலானது. மொரீஷியஸில் தோட்டங்களும் வியாபாரமும் வைத்திருந்த பெரிய நிறுவனம் அது. அதன் தலைவர் சர் ஜான் ரே ரீட், முன்பு இங்கிலாந்து வங்கியின் கவர்னராகவே இருந்தவர். முந்தைய ஆண்டு பிரிட்டன் சர்க்கரைச் சுங்கத்தைத் திருத்தி, வெளிநாட்டுச் சர்க்கரைக்கும் வழி திறந்துவிட்டிருந்தது. விலை சரிந்தது. தோட்டத்தை நம்பிக் கொடுத்த கடன் ஒவ்வொன்றாக வராக்கடன் ஆனது. அந்தச் செய்தி கப்பலில் வந்து சேரச் சில மாதம் ஆகும். எனவே விருந்தாளிகள் நிம்மதியாக நடனம் ஆடியிருப்பார்கள். செய்தி வந்து சேர்ந்தபோது 1832-இன் மூத்த வங்கி 1848-இல் மூடிவிட்டது. இளைய வங்கி தப்பிப் பிழைத்தது. அதன்பிறகு நோட்டு அச்சடிக்கும் வேலையை அரசே எடுத்துக்கொண்டது. 15 டாலர் நோட்டு அத்தோடு அருங்காட்சியகப் பொருளாகிவிட்டது. 1988-இல் வங்கி கொண்டாட வேண்டிய ஆண்டு ஒன்று உண்டென்றால் அது 1838 அல்ல, 1848 என்பேன். வங்கி தொடங்குவதற்குச் சாசனம் போதும். பக்கத்து வங்கி விழும்போது நிற்பதற்குத்தான் திறமை வேண்டும்.

டாலர், பவுன் கணக்கெல்லாம் பின்னால் ரூபாய்க்கு வந்தது. தீவில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்தியர் என்று ஆனபிறகு, அவர்கள் கையில் புழங்கியது இந்திய ரூபாய். 1870களின் பிற்பகுதியில் அரசு அதையே தன் நாணயக் கணக்காக ஏற்றது. இன்றும் மொரீஷியஸ் நாணயத்தின் பெயர் ரூபாய்தான். கூலிக்குப் போனவர்கள் கொண்டுபோன கணக்கு முதலாளியின் கணக்கையே மாற்றியது. வங்கி வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. இதற்குத் தபால்தலை போட்டதாக நான் பார்க்கவில்லை.

கூலிகளின் முகம் எங்கேயும் அச்சாகவில்லையா என்று கேட்டால், அச்சானது. 1867-இல் ஒரு சட்டம் வந்தது. ஒப்பந்தம் முடிந்த பழைய கூலிகள் ஒவ்வொருவரும் தன் புகைப்படம் ஒட்டிய பாஸ் ஒன்றை எப்போதும் வைத்திருக்க வேண்டும். போலீஸ் கேட்கும்போது காட்டாவிட்டால் நாடோடி என்று பிடித்து உள்ளே போடுவார்கள். தொலைத்தால் பணம் கட்டி மறுபடி எடுக்க வேண்டும். அடால்ப் டி பிளெவிட்ஸ் என்ற ஐரோப்பியர் இவர்களுக்காக 1871-இல் ஒரு மனு தயாரித்தார். ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள், ரேகை வைத்தார்கள். அதன்பேரில் லண்டன் விசாரணைக் கமிஷன் அனுப்பியது. அந்தப் பழைய புகைப்படங்களில் மிஞ்சியவை இன்று மோகாவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. மொரீஷியஸ் தமிழர்கள் தாத்தாவுக்குத் தாத்தாவைத் தேடி அங்கேதான் போகிறார்கள். தபால்தலை அளவுக்குக் கொஞ்சம் பெரிய முகங்கள். அரசியின் முகம் அச்சான காகிதம் உலகம் சுற்றியது. இவர்கள் முகம் ஒட்டிய காகிதம் பக்கத்துத் தோட்டத்துக்குப் போகவிடாமல் இவர்களைத் தடுத்தது.

சரி, பனியனுக்கு வருவோம்.

1968 மார்ச் 12-இல் மொரீஷியஸ் விடுதலை பெற்றது. கையில் இருந்தது சர்க்கரை ஒன்றுதான். எட்வர்ட் லிம் ஃபாட் என்ற சீன வம்சாவளிப் பேராசிரியர் ஹாங்காங், தைவான் பாணியை எடுத்துச் சொல்ல, 1970-இல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் வந்தது. மண்டலம் என்றால் சுவர் கட்டிய ஒரே இடமில்லை, தீவில் எந்த ஊரிலும் தொழிற்சாலை வைக்கலாம். ஐரோப்பியச் சந்தையில் சுங்கமில்லாமல் நுழைய 1975-இன் லோமே உடன்படிக்கை வழி செய்தது. ஏற்றுமதிக் கோட்டா தீர்ந்துபோன ஹாங்காங்காரர்கள் கம்பளிப் பின்னல் மெஷின்களோடு வந்து இறங்கினார்கள். கரும்பில் சம்பாதித்த பிரெஞ்சு வம்சாவளிக் குடும்பங்களும் பணம் போட்டன. உள்ளூர் வங்கிகள் கடன் கொடுத்தன. அன்றுவரை கரும்புக்குக் கொடுத்த அதே முன்கடன் முறை ஸ்வெட்டருக்கு மாறியது. 1980களின் இறுதியில் இந்தத் தொழிற்சாலைகளில் 80,000-க்கும் மேற்பட்டோர் வேலை பார்த்தார்கள், பெரும்பாலும் பெண்கள். கரும்புத் தோட்டத்தைவிட மெஷின் முன்னால் இருந்தவர்கள் அதிகம். உலகக் கம்பளிப் பின்னலாடை ஏற்றுமதியில் அந்தச் சின்னத் தீவு முன்வரிசையில் நின்றது.

அது எந்த வருடங்கள் என்று கவனித்தீர்களா? தபால்தலை வந்த 1988-ஐ ஒட்டிய வருடங்கள். பொருளாதாரத்தையே தூக்கி நிறுத்திக்கொண்டிருந்த பெண்கள் தீவு முழுக்க ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். வங்கி தன் தலையில் புதுக் கட்டடத்தைப் போடுகிறது.

நம் பக்கம் இதே காலத்தில் என்ன நடந்தது என்று இங்கே உட்கார்ந்திருக்கிற பெரியவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 1970களின் கடைசியில் வெரோனா என்ற இத்தாலிக்காரர் வெள்ளை டி-சர்ட் தேடித் திருப்பூருக்கு வந்ததை ஏற்றுமதியின் பிள்ளையார் சுழி என்பார்கள். அதுவரை உள்நாட்டு பனியன், ஜட்டிதான். அப்போது நெருப்பெரிச்சல் தனி ஊராட்சி. மாநகராட்சியோடு சேர்ந்தது 2011-இல்தானே. கோட்டா முறை 2004 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிந்தது. மொரீஷியஸில் தொழிற்சாலைகள் மூடின, சில மடகாஸ்கருக்குப் போயின. ஹாங்காங்காரர்கள் வந்த வழியே போனார்கள். திருப்பூருக்கு ஆர்டர் கூடியது. நமக்கு நல்ல காலம் என்று கொண்டாடிய அந்த ஜனவரி அங்கே பலருக்குக் கடைசிச் சம்பளம் வாங்கிய மாதம். இதை நான் குற்ற உணர்ச்சிக்காகச் சொல்லவில்லை. பின்னலாடை ஆர்டர் எந்த ஊரிலும் நிரந்தரமாக வீடு கட்டிக்கொள்வதில்லை, 2011-இல் சாயப்பட்டறைகள் மூடிக் கிடந்தபோது நாமும் அதைப் பார்த்தோம்.

அந்த வங்கி மட்டும் அங்கேயே இருந்தது. 1847-இன் தலைகளை ஊருக்குத் திருப்பிக் கொண்டுவந்ததும் அதுதான். 1993-இல் ஜூரிச்சில் ஜப்பானியச் சேகரிப்பாளர் ஹிரோயுகி கனாயின் தொகுப்பு ஏலத்துக்கு வந்தது. கமர்ஷியல் பேங்க் முன்னின்று மொரீஷியஸ் நிறுவனங்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு பென்னி, இரண்டு பென்னி இரண்டையும் வாங்கியது. சுமார் 20 லட்சம் டாலர். 2001-இல் போர்ட் லூயி துறைமுகத்தில் புளூ பென்னி மியூசியம் திறந்தார்கள். வெளிச்சம் பட்டால் நிறம் போய்விடும் என்பதால் அசல் தலைகளுக்கு விளக்கு மணிக்குச் சில நிமிடம்தான் எரியும், மற்ற நேரம் நகல். அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில் அப்ரவாசி காட் இருக்கிறது. கூலிகள் கப்பலிலிருந்து இறங்கிப் பதிவான இடம், 2006 முதல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். போகிறவர்கள் இரண்டையும் ஒரே நாளில் பாருங்கள். ஒன்றை மட்டும் பார்த்தால் பாதிதான் பார்த்ததாகும்.

வங்கிக் காகிதத்தில் நம்மவர்கள் இடம் கேட்டுப் பெற்ற ஒரு கதையும் உண்டு. அது கமர்ஷியல் பேங்க் அல்ல, நாட்டின் மத்திய வங்கி. மொரீஷியஸ் நோட்டுகளில் ஆங்கிலம், தமிழ், இந்தி மூன்றும் இருக்கும், தமிழ் எண்கள் உட்பட. 1998 நவம்பரில் வெளியிட்ட புது வரிசையில் இந்தியை மேலே ஏற்றித் தமிழைக் கீழே இறக்கிவிட்டார்கள். வேறு யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். தமிழர்கள் தெருவுக்கு வந்தார்கள். இந்தியர்களில் முதலில் வந்தவர்கள் நாங்கள், பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே புதுச்சேரியிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள், வரிசை மாறக் கூடாது என்றார்கள். மக்கள் தொகையில் அவர்கள் சிறுபான்மைதான். ஆனாலும் அரசு அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றது. 1999-இல் தமிழ் பழைய இடத்துக்கு வந்தது. நூறு ரூபாய் நோட்டில் இருப்பவர் ரெங்கநாதன் சீனிவாசன், தமிழ் வம்சாவளி அரசியல்வாதி. பிரெஞ்சு உச்சரிப்பில் பெயர் கொஞ்சம் உருமாறியிருக்கிறது, முகம் நம் முகம்தான்.

நம் நாட்டிலும் வங்கிகளுக்குத் தலை வந்திருக்கிறது. ரிசர்வ் வங்கிப் பொன்விழாவுக்கு 1985-இல் வந்தது. திருப்பூருக்கு வருமா, பனியனுக்கு வருமா என்று வெளியே ஒரு தம்பி கேட்டார். தில்லிக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருப்பது ஒரு வழி. இன்னொரு வழி சுலபம். அஞ்சல் துறை 2011 முதல் 'மை ஸ்டாம்ப்' என்று ஒரு திட்டம் வைத்திருக்கிறது. புகைப்படமும் அடையாள அட்டையும் கொடுத்தால் தலையோடு சேர்த்து நம் படத்தை அச்சடித்துத் தருவார்கள். ஒரு தாளில் 12 தலை. கடிதத்தில் ஒட்டினால் செல்லும். கம்பெனி வெள்ளிவிழா என்று முதலாளிகள் தங்கள் படத்தைப் போடுவது எனக்குத் தெரியும், போடட்டும். யாராவது ஒருவர் வருகிற ஆயுதபூஜைக்கு உங்கள் பேட்லாக் டெய்லர் அக்கா படத்தைப் போட்டு அடித்தீர்களென்றால் எனக்கொரு தாள் எடுத்து வையுங்க. காசு கொடுத்தே வாங்கிக்கிறேன்.